இறங்குங்கோ அண்ணை

“சாரதி மாற்றத்தையெல்லாம் இருந்து பயிற்சி செய்யிறதோ? அது ஐஞ்சு நிமிசத்தில பழகிடும். அந்த நேரத்துக்கு இன்னும் இருபது சுற்று ஓடுங்கோ.” ஒரே காரை நால்வர் மாறி மாறி ஓடுகிற எங்களுடைய முதலாவது 12 மணித்தியாலப் போட்டிக்கு நாங்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்களில், சிம் றேசிங்கில், அதாவது கணினியில் ஓடுகிற கார்ப் பந்தயத்தில், எங்களைவிடப் பல ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் இப்படிச் சொன்னார். பல நெடுந்தூரப் போட்டிகளை ஓடி முடித்தவர், சொல்வதை அளந்து சொல்பவர் என்பதால், அந்த வார்த்தையைத் தட்டிவிடவும் முடியவில்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை. வயலுக்குப் போகும்போதும் கடையில் நிற்கும்போதும் அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. உண்மையான காரில் சாரதி மாறுவது உடல் உழைப்பு. இருக்கைப் பட்டிகளைக் கழற்ற வேண்டும், வானொலி வயரையும் தண்ணீர்க் குழாயையும் பிடுங்க வேண்டும், குள்ளமானவர் ஏறினால் இருக்கைக்குள் அவருக்கென்று செய்த மெத்தையை வைக்க வேண்டும். இறங்கியவர் உடனே ஓடிப்போகாமல் நின்று, ஏறுபவரின் பட்டிகளை இழுத்துப் பூட்டிவிடுவார். நாங்கள் ஓடுகிற ஐறேசிங் என்ற கணினிப் பந்தயத்தில் இவை எதுவும் இல்லை. கார், பெற்றோல் விட்டு ரயர் மாற்றுகிற ‘பிற்’ பாதையில் தன் பெட்டிக்குள் வந்து நிற்கிறது, ஓடியவர் ஒரு பொத்தானை அழுத்தி வெளியேறுகிறார், அடுத்தவர் தன் வீட்டில் இருந்தபடி இன்னொரு பொத்தானை அழுத்தி உள்ளே வருகிறார். இதில் பயில என்ன இருக்கிறது என்று கேட்டால், கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. எங்கள் போட்டிக்குரிய, அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் களம் 6.213 கிலோமீற்றர் நீளமானது. ஜீரி3 என்ற வகைப் பந்தயக் கார் ஒன்று ஒரு சுற்றை இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் முடிக்கும். 12 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 350 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு செக்கனைக் குறைத்துவிட்டால் கடைசியில் 35 செக்கன் மிச்சம். அந்தப் பத்தில் ஒரு செக்கனைத் தேடித்தான் நாங்கள் நால்வரும் மாதக்கணக்காகக் கண் விழித்துக்கொண்டிருந்தோம். அதே போட்டியில் ஐந்து தடவை சாரதி மாறுவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாற்றத்திலும் ஏழு செக்கனை வீணாக்காமல் விட்டாலே அதே 35 செக்கன் வந்துவிடும். ஏழு செக்கன் என்பது, “ஏறட்டோ?”, “பொறு பொறு”, “இப்ப ஏறு”, “எங்க, பொத்தானைக் காணேல்லை” என்று நான்கு வார்த்தை கதைத்து முடிகிற நேரம். ஓட்டத்தில் பத்தில் ஒரு செக்கனுக்குத் திறமை வேண்டும். இதற்கு ஓர் இரவு ஒன்றாக இருந்தால் போதும் என்றுதான் அப்போது நம்பியிருந்தேன்.

நான்கு வீடுகள், ஒரு கார்

எங்கள் அணியில் நான் கிளிநொச்சி. எல்லோருக்கும் மூத்தவரான அண்ணை வவுனியாவில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். என்னோடு ஒன்றாகப் படித்த மச்சான் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான். மாரி காலத்தில் அவனுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். நான்காவது, புதுக்குடியிருப்புத் தம்பி. நால்வரிலும் வேகமானவன் அவன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவனிடம் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பழைய உபகரணம். அண்ணை புதிய ஸ்ரியரிங் வாங்கியபோது தன்னுடைய பழைய லொஜிரெக் ஜி29ஐ அவனுக்குக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. தம்பி அதைப் படிக்கிற மேசையில் பூட்டி, சாப்பாட்டுக் கதிரையில் இருந்து ஓடுகிறான். பிரேக்கை ஊன்றி மிதிக்கும்போது கதிரை பின்னுக்குப் போகாமல் இருக்க அதன் பின்கால்களைச் சுவரோடு முட்ட வைத்திருக்கிறான்.

முதல் சில பயிற்சிகளை, காரில் இரண்டு மூன்று சுற்றுக்கு மட்டும் பெற்றோல் விட்டு ஓடினோம். மாற்றங்கள் அடிக்கடி வர வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தோம். உண்மையில் அதில் கற்றுக்கொண்டவை பொத்தான்களைப் பற்றியவை அல்ல. தம்பியின் கணினியில் பழைய சுழல் வட்டு என்பதால் களம் திறக்கவே பல நிமிடம் எடுத்தது. ஆகவே ஏற வேண்டியவர் குறைந்தது கால் மணித்தியாலம் முன்பே களத்துக்குள் வந்து காத்திருக்க வேண்டும் என்பது முடிவாயிற்று. அண்ணையின் பிரேக் மிதி அழுத்தத்தை அளப்பது, தம்பியுடையது மிதி எவ்வளவு தூரம் போகிறது என்பதை அளப்பது. அண்ணையின் காலுக்குச் சரியாக இருக்கும் முன்பின் பிரேக் பங்கீடு தம்பியின் காலுக்குச் சரிவராது, பின்சில்லு பூட்டிக்கொள்ளும். ஆகவே இறங்குபவர் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும், ஏறியவர் பிற் பாதையை விட்டு வெளியேற முன் அதைத் தனக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பாதர்ஸ்டில் பிற்றை விட்டு மவுண்டன் ஸ்ட்ரெய்ட்டில் ஏறினால், கிரிஃபின்ஸ் வளைவில்தான் முதலாவது பெரிய பிரேக். ரயர் குளிர்ந்திருக்கும், கை இன்னும் காரைப் பழகியிருக்காது, அதற்குப் பிறகு மலையின் உச்சி வரைக்கும் இரு பக்கமும் சுவர். எங்களுடைய ஆரம்பகால மாற்றங்கள் பல அந்தச் சுவரில்தான் முடிந்தன.

ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போவதில்லை என்பதால், பிற்றுக்கு வருவதை நாங்கள் ‘முறிகண்டி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். “அடுத்த சுற்று முறிகண்டி” என்றால் பிற்றுக்கு வா என்று பொருள். கச்சான் வாங்கித் தருவீர்களா என்று ஸ்காபரோ மச்சான் ஒவ்வொரு முறையும் கேட்பான், ஒவ்வொரு முறையும் யாரும் சிரிப்பதில்லை.

சுழியம் விழாத இரவு

இப்படி ஓரளவு தேறிவிட்டோம் என்று நினைத்திருந்த ஒரு வெள்ளி இரவில்தான் அது நடந்தது. அன்று முழுத் தாங்கியோடு ஓடி, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நிறுத்தம் என்று போட்டி போலவே செய்தோம். நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. அண்ணை இரண்டாவது மணித்தியாலத்தை முடிக்கப்போகிறார், அடுத்து ஏற வேண்டியவன் தம்பி. நான் வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்றில் அண்ணை கதைத்துக்கொண்டே வந்தார். கட்டிங் வளைவில் எவ்வளவு உள்ளே போகலாம், ஸ்கைலைனில் எந்த இடத்தில் காலை எடுக்க வேண்டும், சேஸில் பிரேக் பிடிக்கும்போது கார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று, தன்னுடைய இரண்டு மணித்தியால அனுபவம் முழுவதையும் இரண்டு நிமிடத்துக்குள் தம்பிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற அக்கறையில் கதைத்தார். நல்ல அறிவுரைகள்தான். தம்பி “ஓம் அண்ணை, ஓம் அண்ணை” என்று கேட்டுக்கொண்டிருந்தான். கதையோடு கதையாக அண்ணை பிற்றில் விட வேண்டிய பெற்றோல் அளவைத் தட்டினார். 60 லீற்றர் என்று விழ வேண்டிய இடத்தில் சுழியம் விழவில்லை. அண்ணை பிற்றுக்குள் வந்தார், நின்றார், நான்கு ரயரும் மாறின, இறங்கினார், தம்பி ஏறினான். மாற்றம் அதுவரை நாங்கள் செய்தவற்றுள் எல்லாம் மிகவும் சுத்தமாக இருந்தது. நான் கைதட்டினேன். இரண்டாவது சுற்றில் கொன்றோட் ஸ்ட்ரெய்ட்டின் நடுவில் எஞ்சின் இருமி, நின்றுபோயிற்று.

மச்சான் சிரித்தான். அண்ணைக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியபின், கோபம் இல்லாமல்தான், கேட்டார்: “பெற்றோல் எவ்வளவு போகுது எண்டு பாக்கேல்லையோடா?”

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “பாத்தனான் அண்ணை. ஆறு எண்டுதான் கிடந்தது. நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்.”

அவன் பார்த்திருக்கிறான். பார்த்து, அது பிழை என்றும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவனுடைய திரையில் அந்த எண் நின்றிருக்கிறது. தனக்கு ஸ்ரியரிங் தந்த, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவர், தனக்காகவே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இடையில் வெட்டி “அண்ணை, பிழையாப் போட்டிட்டியள்” என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வன்னியில் வளர்ந்த ஒரு பிள்ளையிடம் இதைக் குறையாகச் சொல்ல எனக்கும் வாய் வராது. அந்த ஒரு பதிலில்தான், அனுபவசாலி சொன்னது ஏன் மனதை உறுத்திக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. பொத்தானை ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம் என்பது உண்மை. ஆனால் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போவதற்கு முன்பே, காரைப் பற்றிய முடிவுகள் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதை நாங்கள் ஒரு நாளும் பயிலவில்லை. கார் பெட்டிக்குள் வந்து நிற்கும்வரை அது அண்ணையின் கார் என்றே நாங்கள் எல்லோரும், தம்பியும் சேர்த்து, நினைத்திருந்தோம். அண்ணை போட்ட பெற்றோலில் ஓடப்போவது தம்பி என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

யார் சொல்ல வேண்டும்

1952ஆம் ஆண்டு பிரான்ஸின் லு மான்ஸ் 24 மணித்தியாலப் போட்டியில் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர், தன்னுடைய ரல்போ காரை 22 மணித்தியாலத்துக்கும் மேலாகத் தனியாகவே ஓட்டினார். உடன் ஓட வேண்டியவர் பிற்றில் ஆயத்தமாக நின்றார், லெவே அவருக்கு இடம் கொடுக்கவே இல்லை. முன்னணியில் நான்கு சுற்று இடைவெளியோடு இருந்தபோது, முடிவதற்கு ஒரு மணித்தியாலம் அளவு இருக்கையில், எஞ்சின் உடைந்தது. வெற்றி மெர்சிடிஸுக்குப் போயிற்று. களைப்பில் கியரைப் பிழையாகப் போட்டார் என்று சொல்பவர்களும் உண்டு, காரில் முன்பே இருந்த கோளாறைத் தன்னால்தான் சமாளிக்க முடியும் என்று நம்பி ஓட்டினார் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இதில் ஆர்வம் அவர் ஏன் இறங்கவில்லை என்பதில் அல்ல. பிற்றில் நின்ற அந்த மற்றவர் எதைச் சொல்லியிருக்க முடியும் என்பதில்தான். இன்று லு மான்ஸில் ஒரு சாரதி எந்த ஆறு மணித்தியாலத்திலும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓட முடியாது, மொத்தத்தில் 14 மணித்தியாலத்துக்கு மேல் ஓட முடியாது. அந்த விதி களைத்தவரைக் காப்பாற்றுவது ஒரு பக்கம். இறங்கச் சொல்ல வேண்டிய சங்கடத்தை மற்றவரின் தலையிலிருந்து எடுத்துவிடுவது இன்னொரு பக்கம், எனக்கு அந்தப் பக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது.

இது எங்களுக்குப் புதிய விடயம் அல்ல. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்தில் முறை வைத்து வரும்போது, தன் முறை வந்தவுடன் வாய்க்காலடிக்குப் போகிற இளந்தாரி, அங்கே மண்வெட்டியோடு நிற்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், “அண்ணை, என்ர நேரம் தொடங்கிட்டுது” என்று சொல்லித்தான் மடையைத் திருப்புகிறான். அதை மரியாதைக் குறைவாக யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் முறை முன்பே பேசி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எங்கள் சிக்கலுக்கு வளர்ப்பையோ மரியாதையையோ குற்றம் சொல்வது சோம்பேறித்தனமான விளக்கம். எந்த நிமிடத்திலிருந்து கார் தம்பியுடையது என்று நாங்கள் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதைப் பேசி வைத்தவர் அண்ணைதான். அன்றிரவே, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இனிமேல் கடைசிச் சுற்றில நான் வாய் திறக்க மாட்டன். நீ சொல்லு, நான் செய்யிறன்” என்றார். அதிலிருந்து கடைசிச் சுற்று ஏறப்போகிறவருக்கு உரியது என்றாயிற்று. பிற்றுக்கு எப்போது வர வேண்டும், எத்தனை லீற்றர், ரயர் மாற்றுவதா இல்லையா என்பதை அவர் சொல்ல வேண்டும். ஓடுபவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொல்லாவிட்டால் அது கேட்கவில்லை என்று பொருள். அறிவுரை ஏதும் இருந்தால் அதற்கு முந்திய சுற்றிலேயே சொல்லி முடித்துவிட வேண்டும்.

சொல்வது எளிது. அடுத்த பயிற்சியில் தம்பியின் கட்டளை இப்படி வந்தது: “அண்ணை, ஏலுமெண்டா, இந்தச் சுற்று முடிய முறிகண்டிக்கு வரலாமோ, உங்களுக்குச் சரியெண்டால்…” அவன் சொல்லி முடிப்பதற்குள் கார் பிற் வாசலைத் தாண்டிவிட்டது. மச்சான், கனடாவில் இருக்கிற துணிச்சலில், அண்ணை என்ற சொல்லையே விட்டுவிடு, ‘வா, நில், இறங்கு’ என்று மட்டும் சொல் என்றான். தம்பியால் அது முடியவில்லை, அண்ணையும் அதைக் கேட்கவில்லை, நானும் விரும்பவில்லை. மரியாதையை எடுத்தால்தான் வேகம் வரும் என்பது பிழையான கணக்கு. “நிற்பாட்டுங்கோ. இறங்குங்கோ அண்ணை” என்று சொல்ல ஒரு செக்கன்கூட மேலதிகமாக எடுக்காது. நேரத்தைத் தின்றது ‘ஏலுமெண்டால்’தான். ஆகவே நாங்கள் பயின்றது அதை வெட்டுவதைத்தான். தம்பி ஒவ்வொரு மாற்றத்திலும் அதே சொற்களை, அதே வரிசையில், கேள்விக்குறி இல்லாமல் சொல்ல வேண்டும். சில இரவுகளில் அண்ணை வேண்டுமென்றே பிழையான எண்ணைத் திருப்பிச் சொல்வார், அவன் வெட்டித் திருத்துகிறானா என்று பார்க்க. முதலில் தயங்கினான். பின்னர், அண்ணை 40 என்று சொல்லி வாய் மூடுவதற்குள், “இல்லை, அறுபது” என்று வந்துவிழத் தொடங்கியது.

ஐறேசிங்கில் ஒவ்வொரு சாரதியும் தனக்கான சமபங்கில் கால் பங்கையாவது ஓட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 350 சுற்றை நால்வர் பிரித்தால் அந்தக் கால் பங்கு 22 சுற்றளவில் வரும், ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆரம்பத்தில் எங்கள் திட்டம், தம்பியின் பழைய உபகரணத்தை நம்பாமல், அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் அவனுக்குக் கொடுப்பதாக இருந்தது. மாற்றத்தைப் பயின்ற பிறகு அந்தத் திட்டம் தானாகவே கிழிந்துபோயிற்று. நேரத்தோடு, தெளிவாகப் பேசிக் காரை வாங்குகிறவன் குளிர்ந்த ரயரிலும் பதற்றமில்லாமல் ஓடினான். போட்டியில் நால்வரிலும் கூடிய நேரம் ஓடியவன் அவன்தான்.

இன்னொரு வகை மாற்றத்தையும் பயிலத் தொடங்கியிருக்கிறோம், அது எங்கள் பகுதிக்கே உரியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் போனால் யூபிஎஸ் என்ற மின்கலப் பெட்டி கத்தத் தொடங்கும். கணினியையும் இணையப் பெட்டியையும் அது பத்து நிமிடம் தாங்கினால் பெரிய காரியம். பாதர்ஸ்டில் பத்து நிமிடம் என்பது நான்கு சுற்றுக்கு மேல், ஆறுதலாகப் பிற்றுக்கு வரலாம். ஜேர்மனியின் நூர்புர்க்ரிங் 24 மணித்தியாலப் போட்டியின் களமோ 25.378 கிலோமீற்றர், ஒரு சுற்றுக்கே எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். சுற்றின் தொடக்கத்தில் யூபிஎஸ் கத்தினால், முடிக்க முடியுமா என்பதே நிச்சயமில்லை. ஆகவே யாருடைய வீட்டில் அந்தச் சத்தம் கேட்டாலும், எவருடைய முறை என்று பார்க்காமல் ஏறுவதற்கு ஒருவர் எப்போதும் களத்துக்குள் ஆயத்தமாக இருக்க வேண்டும். பயிற்சியில் சத்தத்தை நான்தான் கைப்பேசியில் போட்டுக் காட்டுவேன், சொல்லாமல் கொள்ளாமல்.

அனுபவசாலியிடம் இதையெல்லாம் பிறகு சொன்னேன். அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய அணியில் நால்வரும் ஒரே வயது, பல ஆண்டாக ஒன்றாக ஓடுபவர்கள், ஒருவரை ஒருவர் வெட்டிக் கதைப்பதற்கு யோசிக்காதவர்கள். அவர்களுக்கு உண்மையிலேயே ஐந்து நிமிடம் போதும் என்பதை நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நூர்புர்க்ரிங்கிற்கு எந்த இடத்தில் வைத்து அழைப்பைச் சொல்வது என்பதில் இப்போது ஒரு தர்க்கம் போய்க்கொண்டிருக்கிறது. அழைப்பைத் தவறவிட்டால் இன்னும் 25 கிலோமீற்றர் ஓட வேண்டி வரும் என்பதால் கருசெல் வளைவைக் கடந்தவுடனேயே சொல்லிவிட வேண்டும் என்கிறார் அண்ணை. அந்த இடத்தில் ஓடுபவரின் கையும் மனமும் காரில்தான் இருக்கும், டொட்டிங்கர் ஹோவேயின் நீண்ட நேர்ப் பாதையில் சொன்னால்தான் எண் காதில் ஏறும் என்கிறான் தம்பி. முதலாவது மாற்றத்தில் அண்ணையிடமிருந்து காரை வாங்கப்போகிறவன் அவன் என்பதால், டொட்டிங்கர் ஹோவே என்றே எழுதி வைத்திருக்கிறோம்.